நான்கு போல்ட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷின்கள் அங்கே வரிசையாக நிற்கும். கை உள்ளே போகாமல் தடுக்க ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கம்பிவலை இருக்கும். இருக்கும் என்றா சொன்னேன்? பாதுகாப்பைச் சோதிக்கும் ஆடிட் நாளில் மட்டும் இருக்கும். ஆடிட்காரர்களின் கார் கேட்டைத் தாண்டியதும், "கழட்டுப்பா" என்பார் சூப்பர்வைசர். வலை இருந்தால் தகடு வைத்து எடுக்க நேரமாகிறதாம், டார்கெட் வராதாம். நான்கு போல்ட், ஐந்து நிமிட வேலை. நானும் மறுபேச்சுப் பேசாமல் கழற்றுவேன்.

அப்படிக் கழற்றிய மறுநாள் காலை, ஆறாம் நம்பர் மெஷினில் நின்றவர் அஞ்செட்டிப் பக்கத்து அக்கா. வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். இரண்டு பஸ் மாறி வருகிறவர், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோணலாக விழுந்த தகட்டைச் சரிசெய்யக் கை நீட்டியிருக்கிறார். மெஷின் இறங்கிவிட்டது. நல்லவேளை, கையுறைதான் சிக்கியது, கையை உருவிக்கொண்டார். கையுறையின் இரண்டு விரல்கள் தகட்டோடு தகடாக ஒட்டிக் கிடந்தன.

கொடுமை அதற்குப் பிறகுதான். மத்தியானத்துக்குள் ஒரு தாள் தயார். 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தது. அக்கா அதில் கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்களாம். என்ன ஒரு பெரிய மனசு! அக்கா கையில் பேனாவைத் திணித்தார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? கழற்றிய என்னையே!

அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, நேத்து இருந்த வலை இன்னைக்கும் இருந்திருந்தா என் கை உள்ள போயிருக்குமா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பேனாவை வாங்கி, 'வலையைக் கழற்றியது நான். கழற்றச் சொன்னது சூப்பர்வைசர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உனக்கெதற்கு இந்த வேண்டாத வேலை என்று பல்லைக் கடித்தார் சூப்பர்வைசர். நான் போய், யாரும் சொல்லாமலேயே, வலையை மாட்டினேன். அந்தத் தாள் காணாமல் போனது, அக்காவின் வேலை தப்பியது. அடுத்த மாதம் ஆள் குறைப்பு என்று என்னைக் கழற்றிவிட்டார்கள்.

அதில் எனக்கு வருத்தமில்லை. அத்தனை முறை ஸ்பேனரோடு போய் நின்றேனே, இங்கே நாளைக்கு யார் கை வைக்கப்போகிறார்கள் என்று ஒரு முறையாவது கேட்டேனா என்று என் மேல் வரும் ஆத்திரம்தான் இன்றுவரை தீரவில்லை.