மகளின் விமானத்துக்குப் புது மூக்குக் கால்

என் மகள் ஆரணி தரையிறங்கியபோது விமானத்தின் மூக்குச் சக்கரம் துடிதுடித்து ஆடியது. புரொப்பெல்லர் புல்லைத் தொடாத குறையாக முன்பக்கம் ஒருமுறை தாழ்ந்து, நிமிர்ந்து நின்றது. ஜெர்மனியின் எசன் நகருக்கு அருகில் ஒரு கொட்டகையில் அவளும் நண்பர்களும் தாங்களே கட்டிய சிறிய விமானம் அது. அவளுக்கு ஒரு கீறலும் இல்லை.

நான் விமானப் பராமரிப்பில் வேலை செய்பவன். எங்கள் தொழிலில், செய்தவரே சோதிக்கக் கூடாது. ஆகவே ஆரணி கழற்றினாள், நான் பார்த்தேன். வாலில் பாரம் வைத்து மூக்கைத் தூக்கி, சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட் என்னும் உருக்குக் காலை எடுத்தோம். எண்ணெய் போகத் துடைத்து, சிவப்புச் சாயம் பூசி, அதையும் துடைத்துவிட்டு டெவலப்பர் என்னும் வெள்ளைப் பொடி அடித்தோம். வெடிப்பு இருந்தால் உள்ளே போன சாயம் வெள்ளையில் ஊறி வெளியே வரும். வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு வந்தது.

புதுக் கால் வந்த அன்று மனைவியும் கொட்டகைக்கு வந்துவிட்டார். ஆரணி தேநீர் எடுக்கப் போன நேரம் பார்த்துச் சொன்னார்:

"இஞ்சேருங்கோ, இதிலையும் வெடிப்பு இருக்கெண்டு சொல்லிவிடுங்கோ. நீங்கள் சொன்னால் அவள் பறக்கிறதை விட்டிடுவாள்."

"இல்லாததை எப்பிடிச் சொல்லுறது?"

"உங்களுக்குப் பிள்ளை பெரிசோ, இரும்பு பெரிசோ?"

புதுக் காலில் சாயம் பூசினேன். கோடு வரவில்லை. சுத்தம் செய்து மறுபடியும் பூசி, என் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வர வேண்டும் என்றுதான் விரும்பினேன்.

ஆரணி கோப்பையுடன் பின்னால் வந்து நின்றாள். "அப்பா, பாக்கிறியளோ, தேடுறியளோ?"

"பாக்கிறன்."

"பிறகேன் கண்ணாடியைத் துடைக்கிறியள்? கோடு அதிலையோ கிடக்கு?"

அவள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. நான் இருவருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "கால் நல்லாயிருக்கு. பூட்டு."

அவள் பூட்டினாள். சக்கரம் திரும்பும் அச்சின் நட் முன்பு தளர்ந்திருந்ததால்தான் தரையிறங்கியபோது அந்த ஆட்டம். இம்முறை சக்கரத்தை வில் தராசால் இழுத்து, கையேடு சொல்லும் இறுக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

மனைவி என்னை முறைத்தபடி நின்றார். "எங்களுக்குப் பயமெண்டால், பயமெண்டே அவளுக்குச் சொல்லுவம்," என்றேன். "காலிலை பழியைப் போட ஏலாது."

சொன்னோம். ஆரணி கேட்டுக்கொண்டாள், ஆனால் பறப்பதை விடவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, பயத்தை வாயால் சொல்லுங்கள். சோதனை முடிவில் கலக்காதீர்கள். நல்ல காலில் வெடிப்பென்று சொன்னவன், நாளை உண்மையான வெடிப்பைக் காட்டினால் யார் நம்புவார்கள்? ஆரணி பறக்கும்போது ஓடுபாதை ஓரத்தில் நிற்கிறேன். அவள் இறங்கியதும், பயந்தேன் என்று அவளிடமே சொல்கிறேன்.