இரண்டு கதவு, ஒரே கடை

பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்தில் காலை பத்து மணி, பனி கொட்டுகிறது. மளிகைக் கடைக்குள் நுழைந்து இடியாப்பம் இருக்கிறதா என்று கேட்கிறேன். கடைக்கார அக்கா கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு, "வாங்கோ" என்று என்னையும் தெருவுக்கு அழைத்துப் போகிறார். பத்தடி நடந்து பக்கத்துக் கதவைத் திறக்கிறார். அதுவும் அவருடைய கடைதான். சாப்பாடு எல்லாம் இங்கே.

நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். இடித்துவிடலாமே என்கிறேன்.

"ஏலாது தம்பி. இந்தத் தெருவில சின்னக் கடையளை ஒண்டாக்கிப் பெரிசாக்கக் கூடாதெண்டு சட்டம். ஒரு பெரிய கம்பனி மூண்டு கடையை வாங்கி ஒண்டாக்கப் பாத்தது. விட்டிருந்தா வாடகை ஏறி நாங்கள் எல்லாரும் வெளியில."

"சட்டம் எப்படி வந்தது?"

"நான்தான் வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கினனான்." அவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "பேந்து, சட்டம் வந்தாப் பிறகு, இந்தக் கடை விலைக்கு வந்துது, வாங்கினன். சுவரை இடிக்கக் கேட்டு நகரசபைக்குப் போனா, அந்த மனுவை எடுத்துக் காட்டினவை. முதல் கையெழுத்து என்ரை."

நானும் சிரித்துவிடுகிறேன். எதிர்ச் சாரியிலிருந்து கிரேக்கச் செருப்புக் கடைக்காரர் "பொன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக் கையசைக்கிறார். அந்த மூன்று கடைகளில் அவருடையதும் ஒன்றாம்.

"உங்களுக்கு மட்டும் விலக்குக் கேட்கலாமே அக்கா?"

"கேட்டாக் குடுப்பினம். அடுத்த நாள் அந்தக் கம்பனியும் கேக்கும்."

இடியாப்பத்தைக் கட்டித் தருகிறார். சம்பல் கேட்கிறேன். மறுபடி தொப்பியை எடுக்கிறார்.

"அது அங்க இருக்கு. வாங்கோ."