ஒரே மாதிரி ஐந்து சிராப் போத்தல்கள்

எனக்கெல்லாம் எழுத என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் கூடினால் சுவரோரமாக நிற்கிற ஆள். ஆபத்தான குப்பை வாங்கும் எங்கள் கவுண்டருக்குப் புதிதாக வந்த பெண்கள், "அக்கா, நீங்க வாய் தொறந்து சொல்லமாட்டீங்க, எழுதியாச்சும் குடுங்க" என்று விடாமல் கேலி செய்ததால் எழுதுகிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் மன்னியுங்கள்.

1. வேலை

தம்போயில் எங்கள் வட்டாரச் சமூக மண்டபத்தின் வாசலில் சனி, ஞாயிறு காலைகளில் மேசை போட்டு உட்காருவோம். நகராண்மைக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாத வீட்டுச் சாமான்களை மக்கள் எங்களிடம் கொண்டுவருவார்கள். பழைய பேட்டரி, டியூப் லைட், மிச்ச பெயின்ட், தின்னர், பூச்சி மருந்து, எஞ்சின் எண்ணெய். நான் எடை பார்த்து, விவரத்தைப் பாரம் என்கிற அச்சடித்த தாளில் எழுதி, அந்தந்த டிரம்மில் சேர்க்கவேண்டும்.

முதல் நாள் ஓர் அம்மா தன் வீட்டுக்காரரின் ரேடியோவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். "அவரு கேட்டா நான் குடுக்கலன்னு சொல்லணும்" என்றார். பாரத்தில் பெயர் எழுதவேண்டுமே என்றேன். "அதுக்கென்னா, அவரு பேரையே போட்டுக்க" என்றார்.

மலாய் மரியாதைப்படி நாங்கள் என்சிக் பைசால் என்று அழைக்கும் மேற்பார்வையாளர் எனக்கு இரண்டு விதிகள் சொல்லிக்கொடுத்தார். எதையும் மோந்து பார்க்கக் கூடாது. கவுண்டரை ஆளில்லாமல் விடக் கூடாது. இரண்டையும் ஒரே காலையில் மீறினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நம் வீடுகளில் யாரும் போத்தலைத் தூக்கிப் போடுவதில்லை. சிராப் என்கிற இனிப்புச் சர்பத் தீர்ந்த பிறகுதான் அந்தப் போத்தலுக்கு வாழ்க்கையே தொடங்குகிறது. அதில் தேங்காயெண்ணெய் இருக்கும், மண்ணெண்ணெய் இருக்கும், தீர்த்தமும் இருக்கும். அதனால் எங்கள் பாரத்தில் ‘பொருள்’ என்ற கட்டத்தில், கொண்டுவந்தவர் என்ன சொல்கிறாரோ அதையே எழுதிவிடுவது வழக்கம்.

2. ஸ்டோர் கீப்பர்

ராஜமாணிக்கம் அண்ணன் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பர். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் என்னை மேற்பார்வை செய்ய வந்துவிடுவார். "தங்கச்சி, லேபல் இல்லாத டப்பாவ நாங்க கேட்டுக்குள்ளயே விடமாட்டோம்" என்பார். நான் தலையாட்டுவேன்.

அன்று ஒரு கூடையில் நாலு சிராப் போத்தல்களைக் கொண்டுவந்தார். ஒன்றிலும் லேபல் இல்லை.

"லேபல் எங்கண்ணே?" என்றேன். எனக்கே என் துணிச்சல் ஆச்சரியம்.

"வீடு வேற, ஸ்டோர் வேற லா. நாலும் மிஷின் எண்ணெய். கேட்டுக்கும் மோட்டாருக்கும் போட்டது போக மிச்சம். எழுதிக்க."

எழுதினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்து இருபத்திரண்டு நாள். பத்து பாகாட் ஊரிலிருந்து சம்பந்தியம்மா மூலிகை போட்டுக் காய்ச்சி அனுப்பிய எண்ணெயில் இன்றுதான் பேத்திக்கு முதல் எண்ணெய்க் குளியல். "பொம்பளைங்க ராஜ்யம். என்னைய வெளிய தொரத்திட்டாங்க" என்றார்.

மூன்று போத்தல்களை டிரம்மில் ஊற்றினேன். நாலாவதைத் திறந்ததும் வெந்தய வாசனை வந்தது. விதி நினைவுக்கு வந்தது. ஆனாலும் முகக்கவசத்தை இறக்கிக் குனிந்து நன்றாக மோந்தேன். நல்லெண்ணெய், மிளகு, ஓமம்.

"அண்ணே, இது காய்ச்சின எண்ணெய்."

"தங்கச்சிக்குப் பசி போல" என்று சிரித்தார்.

"வீட்டுல மொத்தம் எத்தனை போத்தல் இருந்துச்சு?"

"அஞ்சு. நாலு நம்மளது. ஒண்ணு சம்பந்தி..." பாத்ரூம் பக்கத்து ஷெல்பில் ஐந்தும் ஒன்றாக நின்றிருந்தனவாம். அப்படியானால் வீட்டில் மிஞ்சியிருப்பது மிஷின் எண்ணெய்.

வீட்டுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. மகளுக்குச் செய்தார். அதுவும் அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது யார் போனை எடுப்பார்கள்?

டிரம்களை மூடிப் பூட்டினேன். என் மோட்டார் சைக்கிளை எடுத்து, "ஏறுங்கண்ணே" என்றேன். என் வீட்டுக்காரரைத் தவிர வேறு ஆண் அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்ததில்லை. சம்பந்தியம்மாவின் போத்தலைக் கட்டிப்பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். சந்திப்பில் சிவப்பு விளக்கு. அது மாறும்வரை ஒவ்வொரு நொடியாக எண்ணினேன்.

3. முட்டி

கதவு திறந்திருந்தது. அவர் மனைவி பரமேஸ்வரி அக்கா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, சேலையை முட்டிக்கு மேல் ஏற்றிவிட்டு, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு முட்டியும் சிவந்திருந்தன. மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் தோளில் குழந்தை, உடம்பில் ஈரமோ எண்ணெயோ இல்லாமல், தூங்கிக்கொண்டிருந்தது. அது தூங்குவதால் போன்களின் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்களாம்.

"என்னங்க எண்ணெய் இது, இப்படி அரிக்குது" என்றார் அக்கா.

"பாப்பாவுக்குத் தேச்சியா?"

"தண்ணியே இன்னும் காயல."

அண்ணன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மகள்தான் முதலில் கணக்குப் போட்டாள்.

"அம்மா, பாப்பா எண்ணெய நீங்க எதுக்கு முட்டிக்குப் போட்டீங்க?"

பரமேஸ்வரி அக்கா துணியை மடித்தார். பிறகு விரித்தார். "ஒரு கரண்டிதான்டி. சூடு சரியா இருக்கான்னு பாத்தேன்."

"ரெண்டு முட்டியிலயுமா?"

அக்கா என்னைப் பார்த்தார். "நீ யாரும்மா? எதுவா இருந்தாலும் இது சம்பந்தியம்மா காதுக்குப் போகக் கூடாது." நான் வழக்கம்போலத் தலையாட்டினேன்.

நடந்ததை அண்ணன் சொன்னதும் அக்காவின் முகம் வெளுத்தது. பேத்தியை வாங்கித் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். அதன் பிறகுதான் கணவரிடம் திரும்பினார். "முப்பது வருஷம் ஸ்டோரு. விட்டா மனுசனுக்கே லேபல் ஒட்டுவாரு. வீட்டுல ஒரு துண்டுப் பேப்பர் ஒட்ட நேரமில்ல." அண்ணன் எழுந்து வந்து குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

நான் திரும்பியபோது கவுண்டரில் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். நாலாவதாக என்சிக் பைசால். எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். அவரிடம் நான் அவ்வளவு நேரம் பேசியது அதுவே முதல் தடவை.

"மோந்தது தப்பு. விட்டுப் போனதும் தப்பு. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாகவேண்டும்" என்றார். பூட்டிய டிரம்களைப் பார்த்துவிட்டு, "குழந்தை?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். "அப்படியானால் சின்னதாக எழுதுகிறேன்" என்றார்.

புதிதாக வந்த பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். மோந்து பார்க்காதீர்கள், விதி நல்ல விதிதான். ஆனால் லேபல் இல்லாத போத்தல் வந்தால், இது என்ன என்று மட்டும் கேட்டு எழுதிவிடாதீர்கள். இதே மாதிரிப் போத்தல் வீட்டில் இன்னும் இருக்கிறதா, அதில் என்ன, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் இருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கடிதம் வந்தது. நாலு வரி. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். குழந்தைக்கு அன்று காலை எண்ணெய்க் குளியல் நடந்ததாகப் பரமேஸ்வரி அக்கா போனில் சொன்னார். கவுண்டருக்குப் பதினொரு பேர் வந்தார்கள்.