தூணின் கழுத்து

தியெரி தாரிக்கோவின் முகத்தைவிட முதுகுப்புறம்தான் எனக்கு அதிகப் பழக்கம். ரக்பியில் எட்டுப் பேருக்கு எட்டுப் பேர் தலைகோர்த்துத் தள்ளும் ஸ்க்ரம் இருக்கிறதே, அதில் பதினோரு வருடம் அவன் பிட்டத்தில் தோளை முட்டுக்கொடுத்துத் தள்ளியவன் நான். முன்வரிசை ஓரத்தில் நிற்பவனை எங்கள் தென்மேற்கு பிரான்ஸில் தூண் என்போம். தியெரி இடது தூண், நூற்றுப் பதினெட்டுக் கிலோ. பதினான்கு வருடத் தொழிலில் இரண்டே முறைதான் பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். அதில் ஒருமுறை நாங்களே அவனைத் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டோம்.

வாத்துப் பண்ணைக்காரர் மகன். சம்பளம் வர ஆரம்பித்த பிறகும் காலையில் வாத்துகளுக்குச் சோளம் போட்டுவிட்டுத்தான் பயிற்சிக்கு வருவான்.

"ஏன்டா, இன்னும் இந்த வாத்து நாத்தம்?" என்று கேட்டால், "எதிராளி மூச்சை அடக்கிக்குவான்ல, அதுக்குத்தான்" என்பான்.

எங்கள் ஆட்டத்தில் ஒரு சொல்லுக்கு மட்டும் எதிரியும் கட்டுப்படுவான். ஸ்க்ரமுக்குள் யாராவது "கழுத்து!" என்று கத்தினால் எல்லோரும் தள்ளுவதை நிறுத்திவிட வேண்டும்.

மழை பெய்த ஒரு பிப்ரவரி ஞாயிறு. கடைசி நிமிடம், நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஸ்க்ரம் சரிந்து, தியெரியின் தலை நெஞ்சோடு மடங்கி மாட்டிக்கொண்டது. கத்தினான். எல்லோரும் நிறுத்தினார்கள், என்னைத் தவிர. காது நசுங்காமலிருக்க என் இடத்தில் ஆடுபவர்கள் தலையைச் சுற்றி டேப் ஒட்டுவோம். முந்தின வாரம் காது கிழிந்திருந்ததால் அன்று மூன்று சுற்று அதிகம் சுற்றியிருந்தேன். எதுவும் காதில் விழாமல் வெறி பிடித்தவன்போல் தள்ளினேன்.

எதிரணியின் வலது தூண் ஷிமூன், மலைப்பக்கத்து பாஸ்க் இனத்தவன். தியெரியைத் தன் தோளில் ஏந்திக்கொண்டு அப்படியே நிமிர்ந்துவிட்டான். ஸ்க்ரமில் நிமிர்வது குற்றம். நடுவர் விசில் ஊத, அபராத உதையில் எங்களுக்கு மூன்று புள்ளி கிடைத்தது. அவர்கள் தோற்றார்கள்.

"கொடிக்கம்பமாடா நீ? நிமிர்ந்து நிக்கிற!" என்று அவன் ஆட்களே வைதார்கள்.

"சரி, நிமிராம இருந்திருந்தா? அவன் பொண்டாட்டிகிட்ட நீ போய்ச் சொல்லியிருப்பியா?" என்றான் ஷிமூன்.

கழுத்து இன்னும் ஒரு விரற்கடை மடங்கியிருந்தால் தியெரி எழுந்து நடந்திருக்க மாட்டான் என்றார் டாக்டர். ஒன்பது வாரம் கழுத்துப்பட்டை. அதன் பிறகு ஆறு வருடம் ஆடினான். ஒவ்வொரு பிப்ரவரியும் ஷிமூன் வீட்டுக்கு ஒரு கொழுத்த வாத்து போகும். நான் டேப் விஷயத்தை விழுங்கிக்கொண்டேன். கோழைதான் நான்.

தியெரி ஓய்வுபெற்ற அன்று கிளப்பில் விருந்து. ஷிமூனும் வந்திருந்தான். சூப் முடிந்ததும் கிண்ணத்தின் அடியில் மிஞ்சியதில் சிவப்பு ஒயினை ஊற்றி, தூக்கிக் குடிப்பது எங்கள் வழக்கம். தியெரி தன் கிண்ணத்தை முதலில் ஷிமூனிடம் நீட்டினான்.

"குடிண்ணே. இந்தத் தொண்டையில இறங்குற ஒவ்வொரு வாயும் உன் புண்ணியம்."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"தியெரி, அன்னிக்கு நீ கத்தினது எனக்குக் கேக்கல. காதெல்லாம் டேப். நான் தள்ளிக்கிட்டேதான்டா இருந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"உன் தோளு எங்க இருக்குன்னு என் பின்பக்கத்துக்குத் தெரியாதாடா?"

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா அப்புறம் பயந்து பயந்து தள்ளியிருப்ப. நீ முழுசா தள்ளுனதாலதான் இன்னும் ஆறு வருஷம் ஆடினேன்."

கிண்ணத்தை ஷிமூனிடமிருந்து வாங்கி என்னிடம் நீட்டினான். இரண்டு கையாலும் வாங்கினேன்.