கழற்றாத கையுறை

தவறு என்று தெரிந்தே ஒரு நர்ஸைப் பாராட்டினேன். கொரோனாக் காலம். தென்காசி ஆஸ்பத்திரி ஒன்றில் நான் டாக்டர். மூக்கில் மாஸ்க் அழுத்திய தழும்போடு வார்டில் நடமாடுவார் அவர். ஒரு நோயாளியைத் தொட்டதும் கையுறையைக் கழற்றாமல் அதன்மேலேயே சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்.

“கழட்டிப் போட்டா நாளைக்கு ஏது சார்?”

கையுறைக்குத் தட்டுப்பாடுதான். “உங்கள மாதிரி சிக்கனமா யாரு இருக்கா சிஸ்டர்?” என்று எல்லார் முன்னும் சொன்னேன்.

நான் ஓய்வுபெற்ற பின் வடகரையில் அவர் வீட்டுக்குப் போனேன். அப்படிச் செய்தால் நோய் பரவும், அது எனக்கு அப்போதே தெரியும் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பம், நம்ம வார்டுக்குக் கால் ஒடிஞ்சு வந்த ஆச்சி கொரோனால செத்தது என் கையாலதானா சார்?”

மறுவாரமே அவர் வேலையை விட்டுவிட்டார்.