என் பிள்ளையின் வயிற்றில் வழிந்தது அம்மனின் கோபமல்ல

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களிடம் இதைச் சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்கிறேன்.

போன வருஷம் என் மகள் தர்ஷினிக்கு ஐந்து வயது. வயிற்றுக்குள் கட்டி. அப்புத்தளையிலிருந்து பதுளைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்து தூரத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கட்டியை வெட்டி எடுத்தார்கள். பிள்ளை பிழைத்துவிட்டாள் என்றிருந்தேன். அவள் பால் குடிக்கத் தொடங்கியதும், வெட்டிய இடத்தில் நீர் வடிய வைத்திருந்த குழாய் வழியாக வெள்ளையாக நீர் வந்தது. பார்த்தால் பாலேதான். குடிப்பதெல்லாம் வெளியே போகிறதே என்று பதறினேன். பிள்ளை கண்முன்னே மெலிந்தாள்.

என் கணவர் வீட்டுக்குப் போனில் சொன்னது, நாங்கள் குடியிருக்கும் லயம் முழுக்கப் பரவியது. "பால்குடம் எடுக்கிறேன்னு நேர்ந்துட்டு எடுக்கல. அதான் அம்மன் பாலை வெளிய எடுக்கிறா" என்றார்கள். திருவிழா நேரத்தில் பிள்ளையோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேனே, அது அம்மனுக்குத் தெரியாதா?

வார்டில் எல்லாம் சிங்களம். எனக்குப் பாதிதான் விளங்கும். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அம்மனோடு சண்டையே போட்டேன். "தாயே, பிள்ளைக்கு என்ன நடக்குதுன்னு எனக்கு விளங்கிற பாஷையில யாராச்சும் சொல்லட்டும். நீதான் செஞ்சேன்னா, அதையும் சொல்லிரு."

மறுநாள் வார்டுக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, இது நீங்கள் குடுத்த பால் இல்லை. சாப்பாட்டுக் கொழுப்பைக் கொண்டுபோற மெல்லிய குழாய்கள் வயித்துக்குள்ள இருக்கு. கட்டி அதோட ஒட்டியிருந்தது. வெட்டேக்க அது கசிஞ்சிட்டுது. பாலும் எண்ணெயும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். இதுக்கெண்டு நாங்கள் தாற கொழுப்பில்லாத மாவை மட்டும் கரைச்சுக் குடுங்கோ. அநேகமா தானா ஆறும்."

"நான் செஞ்ச தப்பாங்க?"

"உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

அப்போதுதான் அழுதேன்.

கசிவு குறைந்துகொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து என் கணவரின் அக்கா வந்தார், போத்தலில் அபிஷேகப் பாலோடு. "செல்வி, ஒரு வாய் குடுத்திரு. வேணாம்னா பாவம்" என்று பிள்ளையின் வாயருகே கொண்டுபோனார். பிடுங்கி நானே குடித்தேன், கடைசிச் சொட்டு வரை.

"பாவம்னா என்கிட்ட வரட்டும் மதினி. பசியில கெடக்கிற புள்ளைகிட்ட கணக்குக் கேக்கிறவளா நம்ம ஆத்தா?"

அவர் வெறும் போத்தலை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சில வாரங்களில் குழாய் வறண்டது. எடுத்துவிட்டார்கள். கட்டி திரும்ப வராமலிருக்க இன்னும் மருந்து ஏற்றுகிறார்கள். ஆனால் தர்ஷினி தின்கிறாள், ஓடுகிறாள், என்னை எதிர்த்துப் பேசுகிறாள்.

முன்பெல்லாம் கோயிலில் பின்னால் நின்று தலை குனிந்து கும்பிடுவேன். இப்போது சன்னதிக்கு நேரே நிற்கிறேன். கேட்டேன், அம்மன் ஆள் அனுப்பினாள். நீங்களும் கேளுங்கள், அழுது கேளுங்கள், சண்டை போட்டும் கேளுங்கள். ஆனால் நோயில் கிடக்கும் பிள்ளையின் தாயிடம் போய், "உன்னாலதான்" என்று மட்டும் அம்மன் பெயரால் சொல்லாதீர்கள். அவள் அப்படிச் சொல்கிறவள் இல்லை.