இடுக்கில் காய்ந்த சந்தனம்

அந்த மடிக்கணினியின் பின்பக்கத்தில், சூட்டுக் காற்று வெளியே போவதற்குச் சீப்புப் பல் மாதிரி இடுக்குகள் உண்டு. அதில் நாலு இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருக்கிறது. சந்தனம்தான். வைத்தவன் நான். மலாக்கா பக்கத்துப் புலாவ் செபாங்கில் என் வீட்டு அலமாரிக்கு மேல் அந்த மெஷின் கிடக்கிறது. என் மகள் இரண்டு தடவை அதைக் குப்பையில் போடப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நான் ஒரு நில அளவைக்காரரிடம் டிரைவராக இருந்தேன். எல்லோரும் அவரைச் சர்வேயர் என்பார்கள். தமிழர்தான். சிம்பாங் அம்பாட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆபீஸ். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். கார் ஓட்டுவேன். தோட்டத்தில் அளக்கும்போது சிவப்பு வெள்ளைக் கம்பைப் பிடித்துக்கொண்டு சொன்ன இடத்தில் நிற்பேன். அவ்வளவுதான் வேலை.

அந்த வருடம் அவர் சிங்கப்பூரிலிருந்து இந்த மெஷினை வாங்கி வந்தார். அந்தக் காசுக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் வாங்கியிருக்கலாம். வெறும் கடிதம் அடிக்கிற சாமான் இல்லை. பெரிய ஆபீஸ்களில் மேசையை அடைத்துக்கொண்டு நிற்கும் மெஷின் என்னென்ன பிளான் வரையுமோ, அத்தனையும் இது மடியில் இருந்தே வரையும் என்றார். மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும், அது வேறு. கனம் இரண்டு செங்கல். பின்சீட்டில் அதற்குத் தனியாக ஒரு தலையணை. மழை வந்தால் குடை முதலில் அதற்கு. நான் நனைந்துகொண்டு வருவேன். செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை மரத்தடியில் கார் பானட் மேல் அதைத் திறந்து வைப்பார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியும் வேலை வாங்கும் மண்டோரும் சுற்றி நிற்பார்கள். "இந்த மாடல் மலேசியாவுலயே ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு லா" என்பார். இன்னொருவர் யார் என்று யாரும் கேட்டதில்லை.

அப்போது பக்கத்தில் ஒரு தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். பெயர் வேண்டாம். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனங்கள் வீடு போவதைப் பற்றி அதிகம் பேசவில்லை. அது போகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஓடையோரத்து மாரியம்மன் கோயிலையும் அதைச் சுற்றிய துண்டு நிலத்தையும் மட்டும் தனி மனையாக, தனி லாட்டாகப் பிரித்துக் கேட்டார்கள். தோட்டத்தை வாங்கிய சீன முதலாளி, தவுக்கே என்போம், மேனேஜர் முன்னால், "பிளான்ல இருந்தா நான் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். பிளான் போடுகிறவர் சர்வேயர். ஆக, கோயில் இருக்குமா போகுமா என்பது அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நாலு மூலையிலும் கம்பு பிடித்து நின்றவன் நான். கோயில் பூசாரி பாராங் கத்தியால் புதரை வெட்டி எங்களுக்கு வழி விட்டார். வாரத்தில் ஆறு நாள் செம்பனைக் குலை வெட்டுகிறவர். அன்று சாயங்காலமே சர்வேயர் திரையில் அந்த இடத்தைக் காட்டினார். பச்சைக் கோட்டில் சின்னச் சதுரம். பூசாரி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதுக்குள்ளதான் ஆத்தா இருக்காளா சார்?"

"ஆமாங்கய்யா. உள்ள போட்டுப் பூட்டியாச்சு. இனி யாராலயும் அசைக்க முடியாது."

அடுத்த வாரம் ஆயுத பூசை. பூசாரி தன் கையால் அரைத்த சந்தனத்தை ஒரு டப்பாவில் போட்டுப் பஸ் ஏறி ஆபீசுக்குக் கொண்டுவந்தார். பன்னீர் கலந்து, கொஞ்சம் தளர்த்தியாக இருந்தது. "மெஷினுக்கும் வைங்க சார். நம்மாத்தா அதுக்குள்ளதானே இருக்கா." சர்வேயர் சிரித்தார். காருக்குப் பொட்டு வைக்கும்போது எஞ்சினை ஓடவிடுவது எங்கள் பழக்கம். அதே மாதிரி மெஷினையும் ஓடவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மூடியில் வைக்காதே, தவுக்கே பார்ப்பார் என்றார். காருக்கு எப்போதும் முன்கிரில்லில்தான் வைப்பேன். இதற்குக் கிரில் பின்னால் இருந்தது. மூன்று விரலில் அள்ளி இடுக்கு மேல் தாராளமாக அப்பினேன். நடுவில் குங்குமம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மெஷின் பத்து நிமிடம் ஓடி அணைந்தது. ஆறிய பிறகு போட்டால் மறுபடி பத்து நிமிடம். சர்வேயர் பேட்டரியை மாற்றினார். பிளக்கை மாற்றினார். சிங்கப்பூர் கடைக்குப் போன் போட்டார். வைரஸ் என்றார்கள். வைரஸ் கொல்லுகிற டிஸ்க் போட்டார். அது பாதி ஓடுவதற்குள் அணைந்தது. கார் ஏர்கானுக்கு நேராகப் பிடித்தால் இருபது நிமிடம் தாங்கியது. அதனால் ஒரு நாள் முழுக்க அலோர் காஜாவைச் சுற்றி நான் காரை ஓட்ட, அவர் பக்கத்தில் மெஷினைப் பிடித்துக்கொண்டே திட்டினார். எனக்கு ஒன்று தெரிந்தது. முன்பு அதைப் போட்டதும் உள்ளே கொசு மாதிரி ஒரு சத்தம் வரும். இப்போது இல்லை.

"பாஸ், உள்ள காத்தாடி சுத்தலை போலருக்கு. ரேடியேட்டர் ஃபேன் நின்னா காரும் இப்படித்தான் சூடேறி நிக்கும்."

"இது என்ன லாரியாய்யா? நீ ரோட்டைப் பாரு."

மறுநாள் மலாக்கா டவுனில் ஒரு சீனரின் கடைக்குக் கொண்டுபோனோம். அவர் திருகாணிகளைக் கழற்றிக் காத்தாடியை வெளியே எடுத்தார். மஞ்சள் கட்டி. இது என்ன, குவே பலகார மாவா என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். சர்வேயர் என்னை முறைத்தார். சீனர் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். வெளி இடுக்கில் கெட்டியாக ஒட்டியதை விட்டுவிட்டார். மாட்டி, சுவிட்சை அமுக்கினார். கொசுச் சத்தம் வந்தது. சர்வேயர் பிளானைத் திறந்தார். பச்சைச் சதுரம் அப்படியே இருந்தது. நாலு மூலையையும் எண்ணிப் பார்த்தேன். நாலும் இருந்தன.

அப்போது அவருடைய கைப்போன் அடித்தது. "ஆங், தவுக்கே" என்றபடி கடைக்கு முன்னாலுள்ள ஐந்தடி நடைபாதைக்குப் போனார். கோயில் துண்டைப் பற்றித்தான் பேச்சு என்பது மட்டும் என் காதில் விழுந்தது. திரும்பி வந்து மெஷினை மூடினார். காரில் ஏறியதும் சொன்னார்.

"கோயில்காரங்க கேட்டா, மெஷின் போச்சுன்னு சொல்லு."

"சரியாயிடுச்சே பாஸ்."

"உன்னைக் கேட்டேனா?"

காரைக் கிளப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். இறங்குவதற்கு முன் அவர் மெஷினின் பேட்டரியைக் கழற்றிக் காரின் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டார். நான் பக்கத்தில் இருப்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, மெஷினை ஆத்தா முன்னால் வைத்து, எல்லோரும் பார்க்கச் சுவிட்சை அமுக்கினார். இருட்டு. இன்னொரு தடவை அமுக்கினார்.

"பாருங்க. சந்தனம் உள்ள எறங்கி எல்லாத்தையும் தின்னுடுச்சு. புதன்கிழமை லேண்ட் ஆபீஸ்ல பிளான் குடுக்கணும். கோயில மறுபடி அளக்க நேரமில்ல. ஆத்தா விருப்பம் அப்படி."

கூட்டத்தில் ஒருவர், "மெஷினுக்கு யாருய்யா சந்தனம் குடுத்தது? நாளைக்கு ஃபிரிட்ஜுக்கு மொட்டை போடுவீங்களா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். பூசாரி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான்தான்யா அரைச்சேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் தலை நிமிரவில்லை.

அப்பியவன் நான். பேட்டரி எங்கே என்று தெரிந்தவன் நான். கார் சாவி என் கையில். அளவு எல்லாம் எழுதிய குறிப்புப் புத்தகம் முன்சீட்டில் கிடந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மெஷினில் போனால் உலகத்திலேயே இல்லை என்று நம்பிவிட்டார்கள். என் வாய் திறக்கவில்லை. பிறகு பந்தி போட்டார்கள். சர்வேயர் ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் என் இலையை மூடிவிட்டுக் காருக்குப் போய் உட்கார்ந்தேன்.

சதுரம் இல்லாமல் பிளான் போனது. அடுத்த வருடம் கோயிலை இடித்தார்கள். சர்வேயர் புது மெஷின் வாங்கினார். பழையதை என்னிடம் நீட்டி, "வாய் நல்ல வாய்யா உனக்கு. வச்சுக்க" என்றார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவரை நினைத்தால் எனக்கு அருவருப்பு. அந்த இரண்டு கையை நினைத்தால் அதைவிட. மாதம் முடிந்ததும் வேலையை விட்டு லாரி ஓட்டப் போனேன்.

ஒரு வருடம் ஓடிய பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு பூசாரியைப் பார்க்கப் போனேன். பெரிய சாக்கடையோரம் தகரக் கொட்டகையில் ஆத்தாவை வைத்திருந்தார். அம்மனுக்கு மஞ்சள், குங்குமம் மட்டும். சந்தனம் இல்லை. கேட்டேன். "விட்டுட்டேன்பா. கைக்கு வரலை" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினைக் கையால் காட்டிக் கேட்டார்.

"அந்தக் கட்டம் இன்னும் அதுல இருக்கா?"

கொட்டகை விளக்குக்கான பிளக்கில் மாட்டினேன். கொசுச் சத்தம் வந்தது. பச்சைச் சதுரம் வந்தது. வெகுநேரம் பார்த்தார். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய் இடுக்கைத் தடவினார். சூட்டுக் காற்று அவர் விரலில் அடித்தது.

"நல்லாத்தான் ஓடுது" என்றார்.

எழுந்து குழாயடிக்குப் போய் முழங்கை வரை கழுவினார். என்னைப் பார்க்கவில்லை. "போறப்ப கேட்டைச் சாத்திட்டுப் போப்பா, மாடு வந்துடும்" என்றார்.

இப்போது மெஷின் ஓடுவதில்லை. பேட்டரி ஊதிப்போய்விட்டது. கோயில் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். நேற்று மகள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷோடு வந்தாள். குப்பையில் போடத்தான் விடமாட்டேன் என்கிறாய், அந்த மஞ்சளையாவது தேய்த்து எடுக்கிறேன் என்றாள். பிரஷ்ஷை வாங்கி வைத்துக்கொண்டேன். மஞ்சள் அங்கேயே இருக்கிறது.